பூட்டிக்கொண்ட பென் டிரைவ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: நேற்றுவரை ஒழுங்காக இருந்த பென் டிரைவ் இன்று எதைப் போட்டாலும் ‘ரைட் புரொடக்டட்’ (எழுத முடியாதபடி பூட்டப்பட்டது) என்கிறது. ஃபார்மட் செய்யவும் விடவில்லை. பூட்டைத் திறக்கும் மென்பொருள் விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நான் ஒருமுறை வாங்கி ஏமாந்தேன். விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க்பார்ட் என்ற கட்டளை நிரல் செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்தது. டிரைவ் திறக்கவில்லை, பணமும் திரும்பவில்லை.

முதலில் வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கே எழுதினால் கோளாறு உங்கள் கணினியில். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘ஸ்டோரேஜ் டிவைஸ் பாலிசீஸ்’ பகுதியில் ‘ரைட் புரொடக்ட்’ 1 என்றிருந்தால் 0 ஆக்குங்கள். எங்கும் எழுதவில்லையென்றால் டிஸ்க்பார்ட்டைத் திறந்து ‘லிஸ்ட் டிஸ்க்’ கொடுங்கள். கொள்ளளவைப் பார்த்து உங்கள் டிரைவின் எண்ணைத் தேர்ந்தெடுத்து, ‘ஆட்ரிபியூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி’ என்று தட்டுங்கள். அடுத்து ‘கிளீன்’ என்று தட்டச் சொல்பவர்கள் உண்டு. அது டிரைவையே துடைத்துவிடும். எண் மாறிவிட்டால் கணினியோடு இணைந்திருக்கும் வேறொரு டிஸ்கில் உள்ளதெல்லாம் போய்விடும்.

இதற்கும் திறக்காவிட்டால் பூட்டியது பெரும்பாலும் டிரைவேதான். டிரைவ் தகவலைச் சேமிக்கும் ஃப்ளாஷ் நினைவகம் எழுத எழுதத் தேயும். கெட்டுப்போன பகுதிகளுக்கு ஈடாக உள்ளே உபரி வைத்திருப்பார்கள். அது தீர்ந்தால், டிரைவை உள்ளிருந்து இயக்கும் கன்ட்ரோலர் சில்லு எழுதுவதை நிறுத்தி, படிக்க மட்டும் விடும். விண்டோஸின் எந்தக் கட்டளையும் அந்தப் பூட்டைத் தொடாது. நிலைமை இப்படி இருக்க, ‘எந்த டிரைவையும் திறப்போம்’ என்று விற்பது மோசடி. பிள்ளைகளின் படங்கள் உள்ளே மாட்டிக்கொண்ட பதற்றத்தில் இருப்பவரிடம்தான் அது விலைபோகிறது. எனக்கு ஆறாத கோபம் அதனால்தான். கோப்புகள் இன்னும் திறக்கின்றனவா? இன்றே பிரதி எடுத்துவிட்டு, வாரண்டியில் மாற்றுங்கள்.

கேள்வி: கேமரா கார்டிலும் அதே செய்தி. கார்டு போய்விட்டதா?

பதில்: எஸ்டி கார்டை (கேமராவில் போடும் கார்டு) பெயர் தெரியும்படி பிடித்தால் இடது ஓரத்தில் தள்ளி நகர்த்தும் சிறு பொத்தான் இருக்கும். மேலே தள்ளுங்கள்.

கேள்வி: 2 டெராபைட் என்று மலிவாகக் கிடைத்த டிரைவில் அக்கா திருமணப் படங்களைப் போட்டேன். பெயர்கள் தெரிகின்றன, பாதிக்குமேல் திறக்கவில்லை.

பதில்: உங்களை ஏமாற்றிவிட்டார்கள். உங்கள் மேல் தப்பில்லை, கணினியையே நம்பவைக்கும் ஏமாற்று இது. உள்ளே இருப்பது 32 அல்லது 64 ஜிபியாக இருக்கலாம். 2 டெராபைட் என்று பொய் சொல்லும்படி கன்ட்ரோலரை மாற்றி எழுதியிருப்பார்கள். இடம் தீர்ந்த பிறகு வருவது பழையதன் மேல் விழும், அல்லது எங்கும் பதியாமல் போகும். நானும் இப்படி ஒன்றை வாங்கி, இரண்டு வருடக் குறிப்புகளை இழந்தேன்.

இனி அதில் ஒன்றும் எழுதாதீர்கள். திறக்கிற படங்களை வேறிடத்துக்கு மாற்றுங்கள். படம் எடுத்த கேமரா கார்டை உடனே தனியே எடுத்து வையுங்கள்; அழித்திருந்தாலும், மேலே புதிதாக எழுதாதவரை மீட்க வாய்ப்புண்டு. அதெல்லாம் முடிந்தபின் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவச நிரலை ஓட்டுங்கள். உண்மைக் கொள்ளளவு தெரிந்துவிடும். அந்தத் திரையைப் படமெடுத்து விற்றவருக்கு அனுப்பி, முழுப் பணத்தையும் கேளுங்கள். மாற்று டிரைவ் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஐந்து வருட வாரண்டி என்றார்கள். ரசீது இல்லை, அட்டையையும் எறிந்துவிட்டேன். இப்போது மறுக்கிறார்கள்.

பதில்: வேறென்ன செய்வார்கள்? வாங்கிய தேதிக்கு ஆதாரம் ரசீதுதான் என்று எத்தனை முறை எழுதுவது? கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கிக் கணக்கில் பதிவு இருக்கும், அதைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். இனியாவது வாங்கிய அன்றே ரசீதைப் படமெடுத்து வையுங்கள்.

கேள்வி: விண்டோஸில் எழுதுகிறது, மேக்கில் மட்டும் எழுதவில்லை. கடையில் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: டிரைவில் குறையில்லை. அது விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். மேக் அதைப் படிக்கும், எழுதாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் பிரதி எடுத்தபின் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள், இரண்டிலும் எழுதும்.