மாராவுக்கு எந்த மாதம் போகிறீர்கள்?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 9. அடுத்த ஆண்டு தசரா விடுமுறையில் பிள்ளைகளைக் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குக் கூட்டிப்போக ஆசை. விமானம், மாராவில் 3 இரவு, நைரோபியில் 2 இரவு எல்லாம் சேர்த்து நாலு பேருக்கு 9 லட்சம் ரூபாய் என்று டிராவல் ஏஜென்ட் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார் (இணைத்திருக்கிறேன்). இன்னும் 15 மாதம் இருக்கிறது, மாதம் 35,000 ஒதுக்க முடியும். மீதிக்கு 5 லட்சம் பர்சனல் லோன் போடலாம் என்கிறார் கணவர். கையில் இருக்கும் 4 லட்சம் எஃப்.டி.யை உடைக்கலாம் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேருமே கொஞ்சம் பொறுங்கள். கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், 'பார்க் ஃபீஸ் தனி' என்று ஒரு வரி இருக்கிறதே, கவனித்தீர்களா? உங்கள் பட்ஜெட்டை அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மசாய் மாரா காப்பகத்தில் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 2024 ஜூலையிலிருந்து இப்படித்தான். 9 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு 50 டாலர். டாலர் 95 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். தசராவில் போனால் 3 நாளைக்கு உங்கள் நால்வருக்கும் 1,500 டாலர், அதாவது 1,42,500 ரூபாய். அதே 3 நாள் மே மாதத்தில் என்றால் 900 டாலர், 85,500 ரூபாய். ஆக, உங்கள் பயணம் 9 லட்சம் அல்ல, பத்தரை லட்சத்தைத் தொடுகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. டிக்கெட் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரைதான் செல்லும். நைரோபியிலிருந்து காரில் ஐந்தாறு மணி நேரம் குலுங்கிப் போய்ச் சேர்ந்த அன்றே, "சாயங்காலம் ஒரு ரவுண்டு போய் வரலாமா?" என்று ஓட்டுநர் கேட்பார். சரி என்று தலையாட்டினால் இரண்டு மணி நேரத்துக்கு முழு நாள் டிக்கெட். தசரா சமயத்தில் அது 47,500 ரூபாய். வாயிலுக்கு வெளியே இருக்கும் கேம்ப்பில் தங்கி, அன்று மாலை பேசாமல் தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.

மே மாதம் மழைக்காலம் ஆயிற்றே என்பீர்கள். உண்மைதான். மார்ச்சிலிருந்து மே வரை அங்கே பெருமழைக் காலம். சேற்றில் வண்டி சிக்கும், புல் உயரமாக நிற்கும், சில கேம்ப்கள் மூடியே இருக்கும். ஆனால் திறந்திருப்பவை விலையை நன்றாகக் குறைக்கும். சிங்கமும் யானையும் மழைக்காக எங்கும் போய்விடுவதில்லை. மே கடைசி வாரம் கிடைத்தால் நல்லது, மழை ஓய்ந்து வரும் நேரம். ஆற்றைக் கடக்கும் காட்டுமாட்டு (வில்டபீஸ்ட்) மந்தைகளைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் ஜூலையிலிருந்து அக்டோபருக்குள்தான் போக வேண்டும். அதிலும் அக்டோபர் பிற்பாதியில் மந்தைகள் தான்சானியாவின் செரெங்கெட்டி பக்கம் திரும்பத் தொடங்கிவிடும். உச்ச விலை கொடுத்துவிட்டு மந்தையின் வாலைப் பார்க்கப் போவானேன்?

அதனால் என் யோசனை, அந்தத் தசராவை விட்டுவிட்டு அதற்கடுத்த மே மாதத்துக்குத் தள்ளுங்கள். 15 மாதத்தில் உங்களால் சேர்க்க முடிவது 5.25 லட்சம். 22 மாதம் கிடைத்தால் 7.7 லட்சம். வங்கியில் மாதாமாதம் போடும் ஆர்.டி.யில் 6% வட்டி என்றாலும் ஏறக்குறைய 8.1 லட்சம் ஆகிவிடும். மே மாதத்துக்கு ஒரு கொட்டேஷனை, பார்க் ஃபீஸையும் சேர்த்து, இப்போதே கேட்டு வாங்குங்கள். 8 லட்சத்துக்குள் அடங்கவில்லை என்றால் அடுத்த ஏஜென்ட்டைப் பாருங்கள். 22 மாதத்தில் எடுக்கப்போகும் பணத்தை ஈக்விட்டி எஸ்.ஐ.பி.யில், அதாவது மாதாமாதம் பங்குச் சந்தை ஃபண்டில் போடும் திட்டத்தில், போடாதீர்கள். கிளம்பும் நேரத்தில் சந்தை சரிந்தால் டிக்கெட் கவுன்டர் உங்களுக்காகக் காத்திருக்காது. அக்கம்பக்கத்தில் யாரோ நடத்தும் பதிவில்லாத சீட்டும் வேண்டாம்.

கணவர் சொல்லும் கடனையும் பார்த்துவிடலாம். 5 லட்சம், 14% வட்டி, 3 ஆண்டு என்றால் ஈ.எம்.ஐ. சுமார் 17,100. வட்டி மட்டும் 1.15 லட்சம். குடும்பமே உச்ச சீசனில் மாராவில் 2 நாள் சுற்றுவதற்கான கட்டணத்தைவிட அதிகம். மகள் பத்தாம் வகுப்பு போகும்போதும் நீங்கள் சிங்கத்துக்கு ஈ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருப்பீர்கள். அப்புறம், அந்த எஃப்.டி. உங்கள் வீட்டின் ஆபத்துக்கால நிதி. அதைத் தொடாதீர்கள்.

எங்கே குறைக்கலாம்? சஃபாரி ஜீப்புக்கு வண்டிக்கு இவ்வளவு என்றுதான் வாடகை, தலைக்கு இவ்வளவு என்று இல்லை. தெரிந்தவர் இன்னும் இருவர் சேர்ந்தால் அந்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு குறையும். பலூன் சவாரி ஒருவருக்கே 400 டாலருக்கு மேல். மனசு கேட்காது, இருந்தாலும் விடுங்கள்.

பேக்கேஜாக வாங்கினால், பணம் கட்டும்போதே டி.சி.எஸ். என்று ஒரு வரியை ஏஜென்ட் பிடிப்பார். அதன் விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது, பணம் கட்டும்போது கேட்டுக்கொள்ளுங்கள். அது செலவு அல்ல, வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்குக் கையில் பணம் இருக்க வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்க வேண்டாம். அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போடுவார்கள். கிளம்புவதற்கு 10 நாள் முன்னதாகவாவது போட்டிருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இங்கே விமான நிலையத்திலிருந்தே 6 நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள்.

பிள்ளைகளை அதற்கு முன் ஒருமுறை கபினி பக்கம் சஃபாரிக்குக் கூட்டிப்போய்ப் பாருங்கள். காலை 5 மணிக்கு எழுப்பி ஜீப்பில் ஏற்றிய என் மகன் அரை மணியில் தூங்கிவிட்டான். யானை வந்தபோது எழுப்பினேன், "அப்புறம் பார்க்கிறேன்" என்றான்.