பீன்ஸுக்கு எருவா, உரமா? வாசகர் கேள்வி – பதில்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட வாசகர்களிடமிருந்து பீன்ஸ், அவரை உர மேலாண்மை பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம்.

ஒரு ஏக்கரில் குத்துச்செடி பீன்ஸ் போடப் போகிறேன். "பீன்ஸ் பயறு இனம், தழைச்சத்தை (நைட்ரஜன்) அதுவே காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும், எரு மட்டும் போதும்" என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். உரக்கடையில் அடியுரமாக டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த உரம்) இரண்டு மூட்டை போடச் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?
– ராயக்கோட்டை வாசகர்

பீன்ஸ் பயறு இனம்தான். ஆனால் காற்றுத் தழைச்சத்தை வேரில் சேர்க்கும் வேலையில் அந்தக் குடும்பத்தின் சோம்பேறிப் பிள்ளை அது. தட்டைப்பயறு, அவரை, நிலக்கடலை அளவுக்கு இதன் வேரில் அந்த வேலையைச் செய்யும் முடிச்சு பிடிப்பதில்லை. பிடித்தாலும் தாமதமாகத்தான் பிடிக்கும். விதைத்த 45–50 நாளில் முதல் பறிப்பு, 70–80 நாளில் செடியே முடிந்துவிடும் என்னும்போது அந்தத் தாமதத்தைத் தாங்கப் பயிருக்கு நேரமில்லை. அதனால் தழைச்சத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

மண் பரிசோதனை செய்யாதவர்கள் ஏக்கருக்குத் தழைச்சத்து 25 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 40 கிலோ, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 30 கிலோ என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். எரு எதுவும் போடாவிட்டால் இதற்கு யூரியா 54 கிலோ, 50 கிலோ மூட்டைக் கணக்கில் சூப்பர் பாஸ்பேட் 5 மூட்டை, பொட்டாஷ் 1 மூட்டை ஆகும்.

இப்போது அதே நிலத்தில் 10 டன் மக்கிய தொழுவுரம் போடுகிறீர்கள் என்று வையுங்கள். நல்ல தொழுவுரத்தில் டன்னுக்குச் சுமார் 5 கிலோ தழைச்சத்து, 2 கிலோ மணிச்சத்து, 5 கிலோ சாம்பல்சத்து இருக்கும். 10 டன்னுக்கு 50 கிலோ தழைச்சத்து என்றதும் தேவையைப் போல இரண்டு மடங்கு ஆயிற்றே என்று தோன்றும். அங்கேதான் கணக்கு தவறுகிறது. எருவிலுள்ள தழைச்சத்தில் முதல் பயிருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 30 சதம். மணிச்சத்தில் 60–70 சதமும் சாம்பல்சத்தில் 70 சதத்துக்கு மேலும் கிடைக்கும். அப்படிப் பார்த்தால் இந்த பீன்ஸுக்கு வந்து சேர்வது தழைச்சத்து 15, மணிச்சத்து 13, சாம்பல்சத்து 35 கிலோ. பொட்டாஷ் வாங்கவே தேவையில்லை. தழைச்சத்தில் 10 கிலோ குறைகிறது, அதற்கு யூரியா 22 கிலோ போதும். மணிச்சத்தில் 27 கிலோ குறைகிறது, அதற்கு சூப்பர் பாஸ்பேட் மூன்றரை மூட்டை.

சூப்பரை முழுவதும் அடியுரமாக இடுங்கள். யூரியாவை அடியில் போடாதீர்கள். விதைத்த 15–20ஆம் நாள் களையெடுத்ததும் 11 கிலோ, 30ஆம் நாள் மண் அணைக்கும்போது 11 கிலோ. செடியிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போட்டு, மண்ணால் மூடி, உடனே தண்ணீர் விட வேண்டும். மூடாமல் மண்ணின் மேலே தூவிவிட்டால் அதில் ஒரு பங்கு அமோனியாவாகக் காற்றில் போய்விடும். 35 நாளுக்கு மேல் கொடுக்கும் யூரியா இலைக்குத்தான் போகும், காய்க்கு வராது.

இரண்டு மூட்டை டிஏபியில் 46 கிலோ மணிச்சத்தும் 18 கிலோ தழைச்சத்தும் இருக்கின்றன. எருவோடு சேர்த்தால் மணிச்சத்து தேவையை மீறும். மணிச்சத்து மிகுந்த மண்ணில் செடிக்குத் துத்தநாகம் கிடைப்பது குறையும், பீன்ஸ் அதை உடனே இலையில் காட்டிவிடும். தழைச்சத்து முழுவதும் விதைத்த அன்றே போய்ச் சேர்வது இன்னொரு குறை. விதையிலைச் சத்தில் வாழும் நாற்றுக்கு அது தேவையே இல்லை. நம் செம்மண்ணில் கனமழை பெய்தால் அதில் ஒரு பங்கு வேருக்குக் கீழே இறங்கிவிடலாம். எந்த உரமானாலும் விதையோடு ஒட்டிப் போடக்கூடாது. விதைக்குப் பக்கவாட்டில் மூன்று விரல் தள்ளி, அதே அளவு ஆழத்தில் விழ வேண்டும்.

முன்பயிர் தக்காளியாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும். உங்கள் பகுதியில் தக்காளிக்குக் கட்டிய குச்சியிலும் கம்பியிலும் அப்படியே கொடி பீன்ஸை ஏற்றுவார்கள். தக்காளிக்குக் கொட்டிய மணிச்சத்து மண்ணில் தங்கியிருக்கும் என்பதால் சூப்பரைப் பாதியாகக் குறைக்கலாம்.

எரு வாங்கும் செலவைப் பார்த்தால் யூரியாவே லாபம் போலிருக்கிறதே?
– சூளகிரி வாசகர்

தழைச்சத்துக்காக மட்டும் எரு வாங்கினால் நீங்கள் சொல்வது சரி. 45 கிலோ யூரியா மூட்டையின் மானிய விலை 266 ரூபாய் 50 காசு. அதில் 20.7 கிலோ தழைச்சத்து, ஆக ஒரு கிலோ சுமார் 13 ரூபாய். எந்த எருவும் இந்த விலைக்கு நிற்காது. எரு வாங்குவது மண்ணில் ஈரம் நிற்பதற்கு, மண் இறுகாமல் வேர் இறங்குவதற்கு, போட்ட உரம் அடித்துப் போகாமல் பிடித்துவைப்பதற்கு. மணல் கலந்த செம்மண்ணில் இதற்கு மாற்று இல்லை. பூக்கும் சமயத்தில் இரண்டு நாள் தண்ணீர் தள்ளிப்போனாலே பூ கொட்டும் பயிர் பீன்ஸ் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

லோடு கணக்கில் வாங்கும்போது எடை மேடையில் நிறுத்தி வாங்குவது நல்லது. மழையில் நனைந்த எருவில் பாதி எடை தண்ணீர்தான். குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் மக்கவில்லை. பிடித்துப் பிசைந்தால் கருத்துப் பொலபொலவென உதிர வேண்டும். வைக்கோல், சாண வாடை இருக்கக்கூடாது. பச்சைச் சாணத்தைக் கொட்டினால் வேர்ப்புழுவும் களைவிதையும் கூடவே வரும். போதாக்குறைக்கு, அது மக்குவதற்கே மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். எரு போட்டும் செடி வெளுத்திருக்கிறது என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

உரமே போடாமல் இயற்கை முறையில் மட்டும் பீன்ஸ் எடுக்க முடியுமா? ஜீவாமிர்தமும் பஞ்சகவ்யாவும் போதுமா?
– கெலமங்கலம் வாசகர்

முடியும். ஆனால் விதைக்கிற வாரத்தில் தொடங்கினால் முடியாது. எருவின் தழைச்சத்து நுண்ணுயிர்கள் சிதைத்த பிறகே பயிருக்குக் கிடைக்கும். உங்கள் பகுதியில் மார்கழி, தை குளிரில் அந்த வேலை இன்னும் மெதுவாக நடக்கும். இரண்டரை மாதப் பயிருக்கு, விதைப்பதற்கு முன்பே மண்ணைத் தயார் செய்தாக வேண்டும்.

பசுந்தாள் உரச் செடியான சணப்பு விதைத்து, 45 நாள் வாக்கில் பூ எடுக்கும் நேரத்தில் மடக்கி உழுங்கள். அதன்பிறகு குறைந்தது மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். பச்சைத்தழை அழுகிக்கொண்டிருக்கும் மண்ணில் பீன்ஸ் விதை போட்டால் நாற்றழுகல் வரும். கடைசி உழவில் 10 டன் தொழுவுரம், 500 கிலோ மக்கிய கோழி எரு, 200 கிலோ வேப்பம்பிண்ணாக்கு. பிண்ணாக்கில் 10 கிலோ, கோழி எருவில் 15 கிலோ தழைச்சத்து உண்டு. பாதி கிடைத்தாலும் தொழுவுரத்தின் 15 கிலோவோடு சேர்ந்து தேவை நிறைந்துவிடும். இடிப்பது மணிச்சத்தில். பாறை பாஸ்பேட் புளிப்புத் தன்மையுள்ள மண்ணில்தான் கரையும். கார அமிலத்தன்மை (pH) 7க்கு மேலுள்ள நிலத்தில் அதற்குச் செலவழிப்பது வீண். அங்கே எலும்புத்தூளுக்கும் அதே கதிதான். ஏக்கருக்கு, மண்ணிலுள்ள மணிச்சத்தைக் கரைத்துத் தரும் நுண்ணுயிர் உரமான பாஸ்போபாக்டீரியா 4 பொட்டலத்தை 10 கிலோ எருவில் கலந்து சாலில் இடுங்கள்.

விதை நேர்த்திக்கு, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சாணம்). வேரில் முடிச்சு உண்டாக்கும் நுண்ணுயிரான ரைசோபியம் கேட்கும்போது பீன்ஸுக்கென்றே உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். நிலக்கடலை, உளுந்துக்கான பொட்டலம் பீன்ஸ் வேரில் வேலை செய்யாது. ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி உடனே ஊன்றிவிடுங்கள்.

ஜீவாமிர்தத்தையும் பஞ்சகவ்யாவையும் சத்தாகக் கணக்கில் எடுக்காதீர்கள். 200 லிட்டர் ஜீவாமிர்தத்தில் போவது 10 கிலோ சாணம், 5–10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு. இதில் ஒரு ஏக்கருக்கு எத்தனை கிலோ தழைச்சத்து வந்துவிடும்? நுண்ணுயிருக்கு ஊக்கமாகக் கொடுக்கலாம், அவ்வளவுதான். பஞ்சகவ்யா 3 சதக் கரைசலைப் பூக்குமுன் ஒரு முறை, காய் பிடிக்கும்போது ஒரு முறை தெளிப்பதில் தவறில்லை.

இதுவரை உரத்தில் பழகிய நிலமாக இருந்தால் முதல் போகத்தில் மகசூல் குறையும் என்று எதிர்பார்த்தே இறங்குங்கள். முழு நிலத்தையும் ஒரேயடியாக மாற்றாமல் கால் ஏக்கரில் ஆரம்பிப்பது புத்திசாலித்தனம்.

பண்ணையிலிருந்து கோழி எரு இறக்கி, உழுது, ஐந்தாம் நாள் பீன்ஸ் ஊன்றினேன். பாதி முளைக்கவில்லை. முளைத்ததும் இலை ஓரம் கருகி நிற்கிறது. விதை போலியா?
– பாலக்கோடு வாசகர்

விதை மேல் பழி போட வேண்டாம். பச்சைக் கோழி எரு மண்ணில் ஈரம் பட்டதும் அமோனியாவை வெளிவிடும், அது முளைக்குருத்தைக் கருக்கும். உப்பும் அதில் அதிகம். காய்கறிகளில் உப்பை மிகக் குறைவாகத் தாங்குபவற்றில் பீன்ஸ் ஒன்று. முட்டைக்கோழிப் பண்ணை எருவாக இருந்தால் தீவனத்தில் சேர்க்கும் சுண்ணாம்பும் கூடவே வந்து மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும்.

மறுவிதைப்புக்கு அவசரப்படாதீர்கள். இரண்டு முறை நன்றாகத் தண்ணீர் கட்டி, உழுது ஆறப்போட்டு, மூன்று வாரம் கழித்து அந்த மண்ணை ஒரு தட்டில் நிரப்பிப் பத்து விதை ஊன்றிப் பாருங்கள். எட்டு நாளில் எட்டு விதையாவது பழுதில்லாமல் முளைத்தால் நிலத்தில் விதைக்கலாம். மீதி எருவைத் தென்னை நார்க்கழிவு அல்லது காய்ந்த சருகோடு கலந்து இடுப்பளவு குவித்து, ஈரம் காயாமல் 15 நாளுக்கு ஒரு முறை கிளறிவிட்டால் மூன்று மாதத்தில் மக்கும். சர்க்கரை ஆலைக் கழிவையும் இதுபோல மக்கவைத்த பிறகே போட வேண்டும். பட்டுப்புழு வளர்ப்பவர்களிடம் கிடைக்கும் கழிவு அருமையான எரு. படுக்கையில் தூவிய சுண்ணாம்புத்தூள் கலந்திருக்கும் என்பதால் அதையும் மக்கவைத்தே இடுங்கள்.

அவரைக்கு யூரியா போட்டதிலிருந்து கொடி காடாக ஏறுகிறது, பூவைக் காணோம். அசுவினிப் பூச்சி வேறு.
– பென்னாகரம் வாசகர்

அவரை பீன்ஸ் மாதிரி இல்லை, வேரில் நன்றாக முடிச்சு பிடிக்கும் பயிர். யூரியா மிகுந்தால் முடிச்சு வேலையை நிறுத்திவிடும். மிருதுவாகத் தளதளவென்று வரும் குருத்துக்கு அசுவினி தானாக வரும். யூரியாவை நிறுத்துங்கள், தண்ணீரைச் சற்று இழுத்துக் கொடுங்கள், கொடி நுனியைக் கிள்ளிவிடுங்கள். அசுவினிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 3 மில்லி, கொஞ்சம் காதி சோப்பு கலந்து மாலையில் இலையின் அடிப்புறம் படும்படி தெளிக்கலாம்.

அடுத்த போகத்தில் உரம் போடுமுன் ஒரு மாதச் செடி ஒன்றை மண்வெட்டியால் மண்கட்டியோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரின் ஓரத்தில் ஒட்டினாற்போல் உருண்டையாக இருக்கும் முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது, யூரியா வேண்டாம். வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. கட்டை விரலால் தள்ளினாலும் உதிராமல் வேரே ஆங்காங்கே புடைத்துப் போயிருந்தால் அது முடிச்சே அல்ல, நூற்புழுத் தாக்குதல். தக்காளி தொடர்ந்து போட்ட நிலத்தில் இதைப் பார்க்கலாம். ஒரு போகம் செண்டுமல்லி போட்டு மாற்றுங்கள், அடுத்த பயிருக்கு வேப்பம்பிண்ணாக்கு இடுங்கள்.

டிஏபியோடு அடுப்புச் சாம்பலைக் கலந்து போடலாமா?
– காரிமங்கலம் வாசகர்

கூடாது. சாம்பலின் காரம் பட்டதும் டிஏபியிலுள்ள தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும். மூக்கில் ஏறும் நெடியே சொல்லிவிடும். யூரியாவுக்கும் ஆகாது. சாம்பல் போடுவதானால் பத்து நாள் இடைவெளி விட்டுத் தனியாகப் போடுங்கள்.

எருவும் போட்டேன், உரமும் போட்டேன். குருத்திலை மட்டும் மஞ்சளாக, நரம்பு பச்சையாகத் தெரிகிறது. போர் தண்ணீர்ப் பாசனம்.
– தேன்கனிக்கோட்டை வாசகர்

அடியிலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. குருத்தில் நரம்பு பச்சையாக, நடுவில் மஞ்சளாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த போர் தண்ணீர் மண்ணைக் காரமாக்கி இரும்பைக் கரையவிடாது. இதற்கு மேலும் யூரியா போட்டுப் பயனில்லை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து வாரம் ஒரு முறை, மூன்று முறை மாலையில் தெளியுங்கள். தண்ணீரையும் மண்ணையும் பரிசோதித்துவிடுவது நல்லது. பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஆலோசனை கேட்கலாம்.

எல்லாக் குறைக்கும் சேர்த்து நுண்ணூட்டக் கலவை தரும்போது அதில் போரான் எவ்வளவு என்று கேளுங்கள். பீன்ஸுக்குப் போரான் கொஞ்சம் கூடினாலும் நஞ்சு, இலை ஓரம் கருகிவிடும். பருத்திக்குப் போட்ட அளவை இதற்குப் போடாதீர்கள்.

மாடித் தோட்டத்துக்கு என்ன கலவை?
– ஓசூர் வாசகி

செம்மண் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, கழுவி உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவு 1 பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. 12 அங்குலப் பைக்கு மூன்று குத்துச்செடி. 20ஆம் நாளும் 35ஆம் நாளும் இரண்டு கைப்பிடி மண்புழு உரம். யூரியா தேவையில்லை. பையில் அரை ஸ்பூன் கூடினாலும் வேர் கருகும்.

உரம் போட்ட பீன்ஸ் சீக்கிரம் நாராகிவிடுகிறது என்று மண்டியில் விலை குறைக்கிறார்கள். உண்மையா?
– மாரண்டஅள்ளி வாசகர்

நார் வருவது ரகத்தையும் பறிக்கும் நாளையும் பொறுத்தது. அர்கா சுவிதா போன்ற நாரில்லா ரகமானாலும் உள்ளே விதை புடைத்த பிறகு பறித்தால் முறித்தால் ஒடியாது, வளையும். காய்க்கும் காலத்தில் தண்ணீர் குறைந்தாலும் இதே கதி. இரண்டு நாளுக்கு ஒரு முறை பறியுங்கள். வெயில் ஏறுமுன் பறித்து நிழலில் கொட்டி, ஈரம் உலர்ந்த பிறகு மூட்டை கட்டுங்கள். பனியோடு கட்டிய மூட்டை பெங்களூரு போய்ச் சேர்வதற்குள் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளி விழும். அதை வைத்துத்தான் பெரும்பாலும் விலையை இறக்குகிறார்கள்.