சூடானதும் அணையும் பஜேரோ: வால்வை மாற்றும் முன்

வணக்கம். உங்கள் மிட்சுபிஷி பஜேரோ 3.2 காமன் ரெயில் டீசல், சூடேறிய பிறகு ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி ஓடும்போது) இன்ஜின் வேகம் ஏறி இறங்கி, சிக்னலில் அணைந்துவிடுகிறது என்கிறீர்கள். டீசல் பம்புக்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் சக்‌ஷன் கண்ட்ரோல் வால்வ் மீது எனக்கும் சந்தேகம்தான். ஆனால் முதலில் டீசல் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். அடைத்த ஃபில்டரும் இதே நாடகத்தை ஆடும்.

வால்வைப் பம்போடு பிடித்திருப்பது இரண்டே போல்ட்டுகள். கழற்றும் முன் சுற்றுப்புறத்தைத் துடைத்துத் தூசியை ஊதிவிடுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே போனால் பம்புக்கே வினை. உயர் அழுத்தக் குழாய்களைத் தொட வேண்டாம், அவசியமும் இல்லை. போல்ட்டுக்கு அடியில் துணி விரியுங்கள். நான் ஒன்றைத் தவறவிட்டு அரைநாள் தேடினேன், கடைசியில் அது அடித்தட்டில் கிடந்தது.

பழைய வால்வை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முனையில் வெள்ளிபோல் உலோகப்பொடி மின்னினால் பம்பே தேய்கிறது. புதிய வால்வ் வீண்செலவு. சுத்தமாக இருந்தால், புது வால்வின் ஓ-ரிங்கில் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) டீசல் தடவி நேராக அழுத்துங்கள். பம்பின் உடல் அலுமினியம், முறுக்குவதில் வீரம் காட்டாதீர்கள்.

பிறகு கைப்பம்பால் காற்றை வெளியேற்றுங்கள். வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனரில், பழைய வால்வுக்கு ஏற்ப அது பதிந்துவைத்த பம்பின் திருத்த மதிப்பை அழித்து, இன்ஜின் சூடாகும்வரை ஐட்லிங்கில் விடுங்கள். பலர் இதை விட்டுவிட்டுப் புது வால்வைத் திட்டுகிறார்கள்.