அடம் உச்சத்தில் இருக்கும்போது குழந்தையிடம் என்ன பேசுவது?

கேள்வி: எங்கள் மகனுக்கு மூன்றரை வயது. பிளே ஸ்கூலில் சமர்த்தாக இருக்கிறான் என்று டீச்சர் சொல்கிறார். வீட்டுக்கு வந்தால் டிவியை அணைத்தாலே போதும், தரையில் விழுந்து கத்துகிறான், கையில் கிடைத்ததை எறிகிறான், என்னை அடிக்கிறான். "கேட்டதைக் கொடுத்துவிடு, அழ விடாதே" என்கிறார் மாமியார். "ஒரு அடி போட்டால் சரியாகிவிடும்" என்கிறார் கணவர். அந்த நேரத்தில் அவனிடம் நான் என்ன பேச வேண்டும்?

பதில்: மிகக் குறைவாகப் பேசுங்கள். ஒரு வரி, அதிகம் போனால் இரண்டு. உச்சத்தில் கத்திக்கொண்டிருக்கும் குழந்தைக்கு உங்கள் விளக்கம் காதில் விழும், உள்ளே போகாது. ஆத்திரத்தை அடக்கி யோசித்து நடக்க உதவுவது மூளையின் முன்பகுதி. அது முழுதாக வளர இருபது வயதைத் தாண்டி, ஏறக்குறைய 25 வரை ஆகிறது. மூன்றரை வயதில் இப்போதுதான் வேலை பழகுகிறது. பசியும் களைப்பும் சேர்ந்துவிட்டால் அந்தக் கொஞ்சமும் கைகொடுக்காது. ஒன்று முதல் நான்கு வயது வரை இப்படி ஆர்ப்பாட்டம் செய்வது சகஜம்தான். பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானாக அடங்கும். பக்கத்தில் நிற்பவருக்கு அது அரை மணி நேரமாகத் தெரியும் என்பது வேறு விஷயம்!

முதலில், எறிந்தால் ஆபத்தான பொருட்களை அப்புறப்படுத்துங்கள். அவன் உயரத்துக்கு உட்காருங்கள். "டிவி நின்னுடுச்சுன்னு கோபமா இருக்கே. அடிக்க விடமாட்டேன்." இவ்வளவுதான். அடிக்க வந்தால் கையை மென்மையாகப் பிடித்துத் தடுங்கள். பிறகு பேசாமல் பக்கத்திலேயே இருங்கள். கோபப்படுவதற்கு அனுமதி உண்டு, அடிப்பதற்கு இல்லை என்ற இரண்டும் அந்த ஒரு வரியில் இருக்கின்றன. தொட்டால் இன்னும் எகிறுகிற குழந்தை என்றால் ஓர் அடி தள்ளி உட்காருங்கள். கத்தலும் உதைத்தலும் சட்டென்று ஏறி, சீக்கிரம் இறங்கிவிடும். அதற்கப்புறமும் அழுகை நீடிக்கும். குரல் கத்தலிலிருந்து அழுகைக்கு மாறும் அந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலும் மடியைத் தேடி வருவான். அப்போது தூக்கிக்கொள்ளுங்கள். "செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய்" என்று யாராவது சொல்வார்கள். ஆறுதல் கொடுப்பது வேறு, டிவியைத் திரும்பப் போடுவது வேறு. சிறு குழந்தை தன்னைத் தானே அமைதிப்படுத்தக் கற்பதே, பெரியவர் துணையோடு பலமுறை அமைதியாகிப் பழகித்தான்.

இப்போது வீட்டில் நடக்கும் வாதத்துக்கு வருவோம். அழுகையை நிறுத்த, கேட்டதைக் கொடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பத்து தடவை மறுத்துவிட்டுப் பதினோராவது தடவை கொடுத்தால், இன்னும் கொஞ்ச நேரம் கத்தினால் கிடைக்கும் என்பதைத்தான் அவன் கற்றுக்கொள்கிறான். கொடுக்கலாம் என்று தோன்றினால் முதல் தடவையே கொடுத்துவிடுங்கள், தப்பே இல்லை. மறுத்தால் மறுத்ததுதான். கொடுப்பதை நிறுத்திய முதல் சில நாட்கள் ஆர்ப்பாட்டம் கூடலாம். அதைப் பார்த்துப் பின்வாங்கிவிட வேண்டாம். கையில் போனைக் கொடுத்து அமைதிப்படுத்துவதும் ஏறக்குறைய இதே கதைதான். வாய் மூடும், ஆனால் கோபத்தைக் கடந்து வரும் பயிற்சி அவனுக்குக் கிடைக்காது.

அடி போட்டாலும் நிறுத்துவான், பயத்தில். கோபம் வந்தால் பெரியவர் சிறியவரை அடிக்கலாம் என்ற பாடமும் கூடவே போய்ச் சேரும். அவனிடம் "அடிக்காதே" என்று சொல்ல அப்புறம் நமக்கு வாய் ஏது?

பிளே ஸ்கூலில் சமர்த்து, வீட்டில் இப்படி என்பதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. நாள் முழுக்க வரிசையில் நின்று, பொம்மையைப் பகிர்ந்து, தன்னைக் கட்டுப்படுத்தியே களைத்திருப்பான். வீட்டில்தான் கொட்ட முடியும், அம்மா விட்டுப் போகமாட்டார் என்ற நம்பிக்கை அது. எனவே வந்தவுடன் "இன்னிக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க?" என்ற விசாரணை வேண்டாம். சாப்பிட ஏதாவது கொடுத்து, கொஞ்ச நேரம் சும்மா விடுங்கள். டிவியைப் பொறுத்தவரை, "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பது இந்த வயதுக்குப் புரியாது. "இந்தக் கதை முடிஞ்சதும் நிறுத்தணும்" என்றால் புரியும். அணைக்கும் பொத்தானை அவனையே அழுத்தச் சொல்லுங்கள். அடுத்து என்ன விளையாடலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதிச் சண்டை இதிலேயே குறையும்.

சொல்லிக்கொடுப்பதெல்லாம் அவன் அமைதியாக இருக்கும்போதுதான். பொம்மையை வைத்து, "கரடிக்குக் கோபம் வந்துடுச்சு, என்ன பண்ணலாம்?" என்று விளையாடுங்கள். சோப்புக் குமிழி ஊதுவது அருமையான பயிற்சி. பெரிய குமிழி வர மூச்சை மெதுவாக, நீளமாக விட வேண்டும். அப்படி விடும்போது இதயத் துடிப்பும் தணியும். பழகிய பிறகு, குமிழி இல்லாமலே ஊதலாம். தலையணையைக் குத்தச் சொல்லும் யோசனையை நான் பரிந்துரைப்பதில்லை. கோபம் வந்தால் குத்து என்பதைத்தான் அது பழக்குகிறது. உங்களுக்கே எரிச்சல் வரும்போது, "அம்மாவுக்கு இப்போ எரிச்சலா இருக்கு, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று அவன் காதுபடச் சொல்லுங்கள். எந்தப் புத்திமதியையும்விட இதை அவன் வேகமாகப் பிடித்துக்கொள்வான்.

ஆர்ப்பாட்டம் அடிக்கடி 25 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, ஒரே நாளில் பல முறை வந்தாலோ, தலையை மோதித் தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, ஐந்து வயது தாண்டியும் குறையாவிட்டாலோ குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். பேச்சு வயதுக்குக் குறைவாக இருந்தால் செவித்திறனையும் சோதிக்க வேண்டும். சொல்ல முடியாத தவிப்பும் கத்தலாக வரும். சில குழந்தைகள் அழும்போது மூச்சை அடக்கி நீலம் பாரித்துச் சில நொடிகள் மயங்குவார்கள். பெரும்பாலும் ஆபத்தில்லை என்றாலும் மருத்துவர் பார்த்தாக வேண்டும். சிலருக்கு இரும்புச்சத்துக் குறைவு இதோடு சேர்ந்திருக்கும். போகும்போது ஒரு வாரத்துக் குறிப்பு எடுத்துச் செல்லுங்கள்: எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம், எப்படி அடங்கியது.