ஹஜர் மலை ஊற்று நீரை எலுமிச்சைக்கு விடலாமா?

கேள்வி: ஓமானில் சமாயில் பக்கம், ஹஜர் மலையடிவாரத்தில் ஒரு தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பேரீச்சை, எலுமிச்சை. கோடையில் ஃபலஜ் என்னும் ஊர்ப் பாசன வாய்க்காலில் தண்ணீர் குறைந்ததால், பின்னால் கரும்பாறை இடுக்கில் வற்றாமல் கசியும் ஊற்றிலிருந்து குழாய் போட்டேன். தொட்டியில் வெள்ளை ஏடு படிகிறது, எலுமிச்சைக் கொழுந்து மஞ்சளாகிறது. என்ன உரம் போடலாம்?

பதில்: உரத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்தக் குழாயைக் கழற்றுங்கள். வற்றாத ஊற்று என்று ஆசைப்பட்டது புரிகிறது, ஆனால் உங்கள் மலையில் எந்தப் பாறையிலிருந்து தண்ணீர் வருகிறது என்பதுதான் முக்கியம்.

ஜபல் அல் அக்தர் பக்கம் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே பெய்யும் மழை வெடிப்புகளில் இறங்கி அடிவாரத்தில் நல்ல தண்ணீராக வரும். 2006-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிர்கத் அல் மௌஸ் ஃபலஜுக்கு அந்த மலைத் தண்ணீர்தான். உங்களுக்குப் பின்னால் இருக்கும் கருமையான பாறை வேறு. ஒரு காலத்தில் கடலடிக்கும் கீழே கிடந்தது, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தரைமேல் ஏறி வந்தது. அதற்குள் ஆழமாகப் போய் நெடுங்காலம் தங்கும் நீர் பாறையோடு வினைபுரிந்து, பிஎச் (7-க்கு மேல் போகப் போகக் காரம் கூடும் அளவு) 11-க்கும் மேலே போய்விடும். கிட்டத்தட்ட சுண்ணாம்புத் தெளிவு நீர்தான். காற்றில் உள்ள கரியமில வாயு பட்டதும் சுண்ணாம்பு திரண்டு மிதக்கும், நீங்கள் பார்த்த ஏடு அதுதான். உப்பும் சேர்ந்திருக்கும், அதனால் ஆசிட் ஊற்றி பிஎச்சைக் குறைத்தாலும் முழுசாகத் தேறாது.

கொழுந்தைப் பறித்துப் பாருங்கள். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, கார மண்ணில் வேர் அதை எடுக்க முடியவில்லை. யூரியா போட்டு இது தீராது. வெறும் இரும்பு சல்ஃபேட்டை மண்ணில் போடுவதும் வீண், அந்த மண்ணில் உடனே கட்டிப்போகும். ஈடிடிஹெச்ஏ வகை இரும்புச் செலேட்டை (கார மண்ணிலும் வேர் எடுக்கிற மாதிரி இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் உரம்) வேர்ப்பகுதியில் ஊற்றுங்கள், நல்ல தண்ணீர் கிடைக்கிற நாளில் ஆழமாகப் பாய்ச்சி உப்பைக் கீழே இறக்குங்கள்.

தண்ணீருக்கு, வாதி என்னும் காட்டாற்றுப் படுகையின் சரளைக்குள் ஆழமில்லாத கிணறுதான் சரி, அங்கே மழைநீர் சீக்கிரம் வந்து சேரும். பாறைக்குள் ஆழமாக போர் போட்டால் இதே காரத் தண்ணீரில் போய் முட்டலாம். கிணறு வெட்ட அனுமதி வேண்டும், முதலாளியிடம் சொல்லி வாங்கச் சொல்லுங்கள். மோட்டாரை மட்டும் படுகையில் வைக்காதீர்கள், மலையில் பெய்தால் இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். ஃபலஜ் முறைநீரில் யாராவது தங்கள் நேரத்தை வாடகைக்கு விடுகிறார்களா என்று வக்கீலிடம் கேளுங்கள் (ஃபலஜைப் பார்த்துக்கொள்பவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்). கிடைக்கிற தண்ணீரை எலுமிச்சைக்கு முதலில் விடுங்கள். பேரீச்சை கொஞ்சம் உப்பையும் வறட்சியையும் தாங்கும்.