ஊழலைப் பற்றிப் படித்தால் வேலை கிடைக்குமா?

ஐயா, வணக்கம். பிளஸ் டூ முடித்த மகள், ஊழலுக்கும் நாடுகளின் வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று ஆராயப் பொருளாதாரம் எடுக்கப் போகிறேன் என்று சொன்னதிலிருந்து உங்களுக்குத் தூக்கமில்லை என்றீர்கள். "இதெல்லாம் மேடையில பேசுற விஷயம், இதுக்கு யாருங்க சம்பளம் குடுப்பா?" என்றும் கேட்டீர்கள். இது முழுக்க முழுக்கக் கணக்குப் பார்க்கிற வேலை ஐயா.

உகாண்டாவில் நடந்ததைச் சொல்கிறேன். தொடக்கப் பள்ளிகளின் இதர செலவுக்காக, மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று அரசு பணம் ஒதுக்கியது. ரித்வா ரெய்னிக்கா, யாக்கோப் ஸ்வென்சன் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் 250 பள்ளிகளின் பதிவேடுகளை அரசுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1991 முதல் 1995 வரை சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்கு வந்திருந்தது. பெரும்பாலான பள்ளிகளுக்குக் காலணாகூட வரவில்லை. மேலே ஒதுக்கீடு கூடிக்கொண்டே போனது, வகுப்பறைக்கு அது எட்டவே இல்லை. பிறகு எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்பதை அரசு செய்தித்தாளில் அச்சிடத் தொடங்கியது. 2001-ல் 80 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தது. செய்தித்தாள் எளிதில் கிடைத்த பகுதிகளில் பள்ளிச் சேர்க்கையும் கூடியது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு நிறைந்துவிடும்.

அதற்காக ஊழல் ஒழிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மகள் நம்பினால், அவளைக் கொஞ்சம் நிறுத்துங்கள். போட்ஸ்வானா ஆப்பிரிக்காவிலேயே ஊழல் குறைந்த நாடுகளில் ஒன்று. வைரத்தில் வந்த பணத்தைப் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் செலவழித்த நாடு. அங்கேயும் எய்ட்ஸ் பரவியபோது சராசரி ஆயுள் மளமளவென்று இறங்கியது. ஏழை நாட்டில் தணிக்கைக்கு ஆள் போடவே காசு இருக்காது, அதனால் வறுமையும் ஊழலை வளர்க்கும். எது காரணம், எது விளைவு என்று பிரித்துப் பார்க்கப் புள்ளியியல் வேண்டும்.

அதனால் கல்லூரியின் பெயரைவிடப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். கணிதம், புள்ளியியல், எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் கொண்டு ஆராயும் பாடம்) மூன்றும் இல்லாத பி.ஏ. பொருளாதாரம் வேண்டாம். முதுகலைக்குக் கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. ஆராய்ச்சி என்று முடிவெடுத்தால் அடையாறில் எம்.ஐ.டி.எஸ். (மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெவலப்மென்ட் ஸ்டடீஸ்) என்ற ஆய்வு நிறுவனம் இருக்கிறது.

வேலையைப் பொறுத்தவரை, பொருளாதாரத்தில் முதுகலை முடித்தவர்கள் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுதலாம். ஏதாவது ஒரு பட்டம் இருந்தாலே சிவில் சர்வீஸ் வழியாகத் தணிக்கைப் பணிக்குப் போகலாம், மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வை எழுதியும் தணிக்கை அலுவலகங்களில் சேரலாம். தன்னார்வ நிறுவனங்களின் ஆய்வு வேலை பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான், அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு மகளைக் கூட்டிப் போங்கள். வரவு செலவு வாசிக்கும்போது ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் எழுதிய தொகையை நேரில் போய்ச் சரிபார்க்கட்டும். அந்த நோட்டோடு இரண்டு பேரும் என்னைப் பார்க்க வாருங்கள்.