ஸ்டென்சில்

அன்புள்ள ஐயா,

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாற்றின் மைல்கற்கள் பற்றி ஸ்கூலுக்கு சார்ட் செய்கிறாள். 1863 லிங்கனின் விடுதலைப் பிரகடனம், 1955 களைத்துப்போன தையல்காரி ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழ மறுத்தது, 1963 மார்ட்டின் லூதர் கிங் உரை, 2008 ஒபாமா. ஐந்தாவதாக எதைச் சேர்க்கலாம்?

க., திருச்சி

அன்புள்ள க.,

ஐந்தாவதைப் பிறகு பார்ப்போம். 2008ஐப் போட்டாலும் சரி, விட்டாலும் சரி. 1863க்குப் பக்கத்தில் 1865ஐயும் எழுதச் சொல்லுங்கள். பிரகடனம் கலகம் செய்த மாநிலங்களுக்கு மட்டும்தான். நாடு முழுக்க அடிமைமுறையை ஒழித்தது 13ஆம் சட்டத்திருத்தம்.

எனக்குக் கோபம் வந்தது ‘களைத்துப்போன’ என்ற சொல்லில். ரோசா பார்க்ஸுக்கு அப்போது வயது 42. கறுப்பின உரிமைச் சங்கமான என்ஏஏசிபியின் மாண்ட்கோமரி (அலபாமா மாநிலத் தலைநகர்) கிளையில் பல வருடம் செயலாளர். அந்தக் கோடையில்தான் டென்னசி மாநிலத்துக்குப் போய், சமூகப் போராளிகளுக்குப் பயிற்சி தரும் ஹைலேண்டர் பள்ளியில் பயிற்சி எடுத்துவிட்டு வந்திருந்தார். உடம்பில் அசதியே இல்லை, விட்டுக்கொடுத்துத்தான் அலுத்துப்போயிருந்தேன் என்று அவரே பின்னாளில் சொன்னார். கால் வலியில் உட்கார்ந்துவிட்டாள், பாவம் என்று சொன்னால் நமக்குச் சௌகரியம். உச்சுக் கொட்டிவிட்டுப் போய்விடலாம் இல்லையா?

அவர் கைதான டிசம்பர் 1 ராத்திரி என்ன நடந்தது தெரியுமா? அலபாமா ஸ்டேட் கல்லூரி ஆங்கிலப் பேராசிரியை ஜோ ஆன் ராபின்சன் நடுநிசியில் கல்லூரிக்குப் போனார். கூட ஒரு சக ஆசிரியர், இரண்டு மாணவர்கள். ‘திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறாதீர்கள்’ என்ற செய்தியைத் தாளுக்கு மூன்றாக ஸ்டென்சிலில், அதாவது சைக்ளோஸ்டைல் மிஷினில் பிரதியெடுக்கும் மெழுகுத்தாளில், ஏற்றி, ஓட்டி, வெட்டி, விடிவதற்குள் பல்லாயிரம் நோட்டீஸ். காலை எட்டு மணிக்கு வகுப்பெடுக்கப் போய்விட்டார்.

நான் ஸ்டென்சில் வெட்டியவன். கையெழுத்துப் பத்திரிகை நடத்திய காலம். ழகரத்தின் சுழியில் கொஞ்சம் அழுத்தினால் போதும், தாள் கிழிந்து அந்த இடம் முழுக்க மை அப்பிவிடும். முந்நூறு பிரதி சுற்றுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். நகக்கண் மை ஒரு வாரம் போகாது, அம்மா சோறு பிசைய விடமாட்டாள். அதனால்தான் அந்த ராத்திரியை என்னால் சும்மா தாண்ட முடியவில்லை.

அது திடீர் ஆவேசமும் இல்லை. கறுப்பினத்தவரை முன்வாசலில் காசு கொடுத்துவிட்டு இறங்கிப் பின்வாசல் வழியாக ஏறவைக்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி, 1954 மே மாதமே ராபின்சன் மேயருக்குக் கடிதம் எழுதியிருந்தார். இருபத்தைந்து அல்லது அதற்கும் மேற்பட்ட அமைப்புகளில் பஸ் புறக்கணிப்பு பற்றிப் பேச்சு நடக்கிறது என்று அதில் நாசூக்காகச் சொல்லியும் வைத்தார். மேயர் காதில் விழவில்லை. பார்க்ஸ் கைதான பிறகு 381 நாள் ஊரின் கறுப்பின மக்கள் பஸ்ஸைப் புறக்கணித்தார்கள்.

ஐந்தாவது கேட்டீர்கள் அல்லவா? சார்ட்டின் மூலையில் ஒரு சைக்ளோஸ்டைல் மிஷினை வரையச் சொல்லுங்கள். எப்படி இருக்கும் என்று குழந்தைக்குத் தெரியாது. படம் அனுப்புகிறேன்.